மேட்டில் நிற்குமா

"மேட்டில் நிற்குமா?"
போனில் தெம்பேகா கேட்ட ஒரே கேள்வி அது.
விலையைக்கூட அப்புறம்தான் கேட்டாள்.
"நிற்கும்" என்றேன்.
வாய் முந்திக்கொண்டது.

பதினோரு வருஷமாக
அந்த டொயோட்டாவை நிறுத்தி வைத்திருப்பது
ஒரு செங்கல்.
வலது பின்சக்கரத்தின் அடியில்
மூலை தேய்ந்து சோப்புக்கட்டி போலாகிவிட்டது.
ஹேண்ட்பிரேக்கை இழுத்தால்
கிறிக் கிறிக்கென்று பதின்மூன்று வரை எண்ணலாம்,
அதற்குள் வண்டி நகரத் தொடங்கியிருக்கும்.

சாட்ஸ்வொர்த்தில் சமதரை அபூர்வம்.
எங்கள் தெருவில் பந்து கைநழுவினால்
ஹைவேயில் போய்த் தேட வேண்டும்.
செங்கல் வைக்க மறந்த ஒரு ராத்திரி
வண்டி ஆளில்லாமல் இறங்கிப்போய்
எதிர்வீட்டு மதிலில் முதுகைச் சாய்த்து நின்றது.
பூபாலன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மறுவாரம் மதிலுக்கு முன்னால்
இரண்டு பழைய டயரைப் புதைத்து வைத்தார்.

சனிக்கிழமை அவள் வருகிறாள், உம்லாஸியிலிருந்து.
வெள்ளி மாலை, வேலை முடிந்த உடுப்போடு,
சொன்ன சொல்லை உண்மையாக்கப் புறப்பட்டேன்.
ஜாக்கி வைக்கச் சமதரை வேண்டும்.
அது பூபாலனின் கராஜில்தான் இருக்கிறது.

"கேபிளை முறுக்கு, பத்து நிமிஷம்" என்றார்.
போன வருஷம் அதைத்தான் செய்தேன்.
ஒரு வாரம் நின்றது.
இந்த முறை புத்தகம் சொன்னபடி:
முதலில் கேபிளை இன்னும் தளர்த்து.
தொய்ந்து கிடப்பதை மேலும் தொய்ய விட
கை கூசியது.

செங்கல் முதல்முறையாக முன்சக்கரத்துக்குப் போனது.
பின்பக்கம் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி,
சக்கரத்தைக் கழற்றினால்
டிரம் அசைவேனா என்றது.
சுத்தியலை வாங்கி வைத்துவிட்டு
அதிலிருந்த இரு துளைகளில் இரண்டு போல்ட்டைக் கொடுத்து
இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று.
டங்.
கழன்று மடியில் விழுந்தது, பானை கனம்.

உள்ளே கறுப்புத் தூசி.
ஊதாதே, விஷம், என்று ஈரத்துணியை நீட்டினாள் சொர்ணம்,
பூபாலனின் மனைவி, மருந்துக்கடையில் வேலை.
துடைக்கத் துடைக்க
இரண்டு பிறைகள் தெரிந்தன.
தேயவேயில்லை. தேய்வதற்கு
டிரம்மைத் தொட்டிருக்க வேண்டுமே.
நடுவில் நட்சத்திரப் பல்சக்கரம்
துருவேறி இறுகிக் கிடந்தது.

இடப்பக்கத்தையும் திறந்தேன்.
அங்கே அது விரலுக்கே சுழன்றது.
செங்கல் முட்டுக்கொடுத்த பக்கம்தான்
வேலையை விட்டிருந்தது.

மின்சாரம் போனது, எதிர்பார்த்தபடி எட்டு மணிக்கு.
பூபாலன் போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.
என் கையைத் தவிர எல்லாவற்றின் மேலும் பிடித்தார்.
துருவைச் சுரண்டி, மறையில் துளி கிரீஸ் இட்டு,
டிரம்மை மாட்டி,
பின்தட்டுத் துளை வழியே ஸ்க்ரூடிரைவரை விட்டு
ஒவ்வொரு பல்லாகத் தள்ளினேன்.
சுற்றினால் சத்தமில்லை. இன்னொரு பல்.
சத்தமில்லை. இன்னொன்று.
அப்புறம் வந்தது, அரிசி களைவது போல,
சர்... சர்...
சுழலவும் வேண்டும், உரசவும் வேண்டும்.
"போதும்" என்றார் பூபாலன், அவரும் காது கொடுத்திருந்தார்.

கால்பிரேக்கைப் பலமுறை மிதித்தேன். கடைசியில்தான் கேபிள்.
ஏழாவது கிறிக்கில்
நெம்புகோல் கையை எதிர்த்தது.

பதினொரு மணிக்கு என் வாசல் மேட்டில்
கியரை விடுவித்தேன், காலை எடுத்தேன்.
கண்ணாடியில் பார்த்தால்
கீழே தன் டயர்களுக்கு முன்னால்
இரண்டு கையையும் விரித்து நிற்கிறார் பூபாலன்,
ஒரு டன் இரும்பை ஏந்திக்கொள்பவர் போல.
வண்டி அசையவில்லை.
அவரும் வெகுநேரம் அசையவில்லை.

காலையில் தெம்பேகா வந்தாள்.
பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.
இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள்.
"நிற்கும்" என்றேன், இம்முறை நிதானமாக.
"தெரிகிறது" என்றாள்.
பிறகு சுவரோரம் கிடந்த செங்கலைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
குனிந்து எடுத்து டிக்கியில் வைத்தாள்.

"என் வீட்டு மேடு
உங்களுடையதைவிடச் செங்குத்து."